திருத்தம் சாரின் பேச்சுப் பயிற்சி

ஜெர்மன் வகுப்பில் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் திருத்தம் சார். கால அட்டவணையில் வாரத்துக்கு மூன்று நாள் 'பேச்சுப் பயிற்சி' என்று போட்டிருக்கும். பேசுவது யார் என்று மட்டும் போட்டிருக்காது. ஒரு மணி நேரத்தில் ஐம்பத்தைந்து நிமிஷம் சார் பேசுவார். மிச்ச நேரத்தில் யாராவது வாயைத் திறந்தால், முதல் சொல் வெளியே வருவதற்குள் "ஃபால்ஷ்!" என்பார். தப்பு என்று அர்த்தம். ஆறு வாரத்தில் பதினெட்டு பேரும் பிசிறில்லாமல் கற்றுக்கொண்ட ஒரே ஜெர்மன் சொல் அதுதான்.

போன தடவை அவரிடம் படித்தவர்கள் எழுத்துத் தேர்வில் வெளுத்து வாங்கினார்கள், வாய்மொழித் தேர்வில் மண்ணைக் கவ்வினார்கள். பயிற்சி மையத்தின் மேலாளரம்மா இன்று காலை சாரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"இன்னிக்கு நான் வகுப்புல உக்காந்து பாக்கப் போறேன் சார். பத்து நிமிஷம் நீங்க வாயே திறக்கக் கூடாது. அவங்க பேசட்டும். முடியலைன்னா திங்கக்கிழமையிலேருந்து அந்த வகுப்பு வேற ஆளுக்கு. நீங்க விடைத்தாள் திருத்துங்க."

"பத்து நிமிஷம் என்ன மேடம், ஒரு மணி நேரம்கூட இருப்பேன்!" என்றார் சார். இருபத்திரண்டு வருஷத்தில் அரை நிமிஷம் இருந்ததில்லை என்பது வேறு விஷயம்.

நாற்காலிகளை ஜோடி ஜோடியாகத் திருப்பிப் போட்டார்கள். ஒருவர் நோயாளியாகவும் எதிரே இருப்பவர் நர்ஸாகவும் நடித்துப் பேச வேண்டும். முதல் இரண்டு நிமிஷம் எல்லோரும் சாரின் வாயையே பார்த்தார்கள். பிறகு நோயாளியாக நடிக்க வேண்டிய மாணவர், ஒரு ஓட்டல் சமையல்காரர், காலைப் பிடித்துக்கொண்டு முனகினார். அதற்கு இலக்கணம் தேவைப்படவில்லை. எதிரே இருந்த நர்ஸ், வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்காகப் படிக்கிறவள், எங்கே வலிக்கிறது என்று ஜெர்மனில் தட்டுத்தடுமாறிக் கேட்டாள். அவர் காலைக் காட்டிக் கை என்றார். யாரோ சிரித்தார்கள். அவ்வளவுதான், வகுப்பே சந்தைக்கடையாகிவிட்டது.

சார் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு தப்புகளை எண்ணினார். ஐந்தாவது நிமிஷத்தில் நாற்பது. ஆனாலும் தாக்குப்பிடித்தார்.

ஒன்பதாவது நிமிஷம். நர்ஸ் சமையல்காரரின் தோளைத் தொட்டு, பயப்படாதீங்க, டாக்டர் இப்போ வந்துடுவார் என்று ஜெர்மனில் சொன்னாள். இவ்வளவு நீளமாக அவள் பேசியதே இல்லை.

"ஃபால்ஷ்!"

பதினெட்டு வாயும் ஒன்றாக மூடிக்கொண்டன. நோட்டுகள் திறந்தன. நர்ஸ் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எங்க தப்பு சார்?" என்று பென்சிலோடு கேட்டாள்.

சார் அவள் சொன்னதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். மறுபடியும் ஓட்டினார். ஒரு தப்பும் இல்லை. முதல்முறையாக அவருக்கு வெட்கமாக இருந்தது. பேனா மூடியை மறுபடி கடித்தார்.

"அவங்க சரியாத்தான் சொன்னாங்க," என்றார் மேலாளரம்மா. "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க சார்."

சார் வராந்தாவில் நின்றார். உள்ளே முதலில் சமையல்காரரின் முனகல், நர்ஸின் கேள்வி, அப்புறம் எல்லோருடைய குரலும். வாக்கியத்துக்கு வாக்கியம் தப்பு! சாரின் கை தானாகக் கதவைத் தள்ளியது. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டினார்.

கொஞ்சம் பொறுங்கள், நாங்கள் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று நர்ஸின் குரல் ஜெர்மனிலேயே பதில் சொன்னது.

அதில் இரண்டு தப்பு இருந்தது. சார் அதைக் கதவிடம் சொன்னார்.