காற்று தொடாத டிரெய்லர்

அந்தப் பிப்ரவரியில் லாயிட் ஹாகனின் டிரெய்லர் வீட்டைக் காற்று தொடுவதை நிறுத்தியது. வயோமிங்கில், ராலின்ஸ் ஊருக்கு வெளியே நாங்கள் குடியிருக்கும் திடலில் நின்ற மற்ற பதினோரு டிரெய்லர் வீடுகளையும் வழக்கம்போல உலுக்கிக்கொண்டுதான் இருந்தது.

எல்லாம் அவன் மனைவி டோரீனுக்காக. மூன்று வாரத்துக்கொரு தடவை டென்வரில் அவளுக்கு மருந்து ஏற்ற வேண்டும், மொத்தம் ஏழு தவணை. உட்கார்ந்து வர முடியாதவள். சட்டம் ஒப்பாவிட்டாலும் டிரெய்லருக்குள்ளேயே படுக்கவைத்து, பிக்கப் வண்டியில் மாட்டி இழுத்துப் போனான். காற்று பலமானால் எங்கள் பக்கம் எடை குறைந்த டிரெய்லர்களை நெடுஞ்சாலையில் விடமாட்டார்கள். ஜனவரியில் அப்படி இரண்டு நாள் மறித்ததில் நான்காம் தவணை தள்ளிப்போனது. இன்னொரு முறை தள்ளினால் பயனில்லை என்றார் டாக்டர்.

அதன்பின் லாயிட் காற்று பிடிக்கும் எதையும் விட்டுவைக்கவில்லை. கூரை ஏசியையும் ஏணியையும் பந்தலையும் கழற்றினான். முன்பக்கத்தைத் தகடடித்து உருண்டையாக்கினான், பின்பக்கத்துக்குக் கூம்பாக வால் வைத்தான், பிக்கப்பின் தலையில் காற்றை மேலே தள்ளும் சாய்பலகை பொருத்தினான். திருகாணித் தலைகளைக்கூடத் தேய்த்தான்.

"முட்டையாட்டம் வழிச்சிட்டியேப்பா, அடுத்து டோரீன் மூக்கையும் தேச்சிடாத" என்றான் பக்கத்து டிரெய்லர் டுவைன்.

"அதை எப்பவோ தேச்சிட்டான்" என்று உள்ளிருந்து டோரீன் சொன்னாள்.

கடைசியாக மிஞ்சியது ஜன்னலுக்கு வெளியே தொங்கிய காற்றுமணி.

"அதை மட்டும் விட்டுடு லாயிட். அந்தச் சத்தம் கேட்டாதான் நான் இருக்கேன்னே தெரியுது."

"ஏழாவது முடியட்டும். நானே மாட்டித் தரேன்."

அவிழ்த்துப் பெட்டியில் வைத்தான். எனக்கு அதில் இன்றும் அவன்மேல் கோபம்தான்.

அடுத்த பயணத்தில் சாலைக் காவலர் டிரெய்லரோரம் ஒரு நாடாவைப் பிடித்துப் பார்த்தார். அது அசையாமல் நேராகத் தொங்கியது, அவர் தொப்பியோ அடுத்த மாநிலம் நெப்ராஸ்கா பக்கம் பறந்துபோனது. வழிவிட்டார். பெட்ரோல் பாதிதான் செலவானது. ஐந்தாம் தவணையும் ஆறாம் தவணையும் நாள் தவறாமல் நடந்தன. ஆனால் டோரீனுக்கு நாள் முழுக்கக் காற்றின் சத்தம் துளியும் எட்டவில்லை.

"செத்தா இப்படித்தான் இருக்கும்போல" என்றாள்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணுதான்" என்றான் லாயிட்.

ஏழாவதுக்குப் போகும்போது, டாக்டர் கணக்குப்படி லாரமி ஊரைத் தாண்டி, அவள் இறந்தாள். பின்னால் ஒரு பெட்டி நகர்ந்தாலும் ஸ்டியரிங்கில் உணர்கிறவன் அவன். அன்று ஒன்றும் தெரியவில்லை. வண்டி எதையும் இழுப்பதாகவே தோன்றவில்லை என்று பிறகு என்னிடம் சொல்லி அழுதான். டென்வரில் கதவைத் திறந்தபோது அவள் குளிர்ந்திருந்தாள்.

ஊர் திரும்பியதும் முதலில் மணியை மாட்டினான். பிறகு ஏணி, ஏசி, பந்தல், ஒவ்வொன்றாக. நான்கு வருடமாயிற்று. குப்பைத் தொட்டிகள் பறக்கிற காற்றிலும் அந்த மணி அசைந்ததில்லை. ஒருநாள் டுவைன் பொறுக்கமாட்டாமல் அதைத் தட்டப் போனான். லாயிட் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"கையால வேணாம்."

சிகரெட் பற்றவைக்க நாங்கள் எல்லோரும் அங்கேதான் போகிறோம். படியில் நகர்ந்து இடம் கொடுப்பான். தீக்குச்சி விரல்வரை நின்று எரியும்.