தடுப்புக்கு இந்தப் பக்கம்

அந்த வீட்டில் ரகசியம் என்று ஒன்று தங்கியதே இல்லை. ஓர் அறை, ஒரு கூடம், நடுவில் பிளைவுட் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் மகனும் மருமகளும், இந்தப் பக்கம் கூடத்துக் கட்டிலில் பெரியவர். கடைசி சீட்டில் தூங்குகிறவனையும் ஒரே அதட்டலில் எழுப்பி இறக்கிவிட்ட அந்த ரிட்டயர்டு பஸ் கண்டக்டர், இங்கே வந்து இருமலை விழுங்கக் கற்றுக்கொண்டார். அந்தப் பக்கமும் லேசுப்பட்ட அவஸ்தை இல்லை. புருஷன் பெண்டாட்டி சண்டையைக்கூடக் கிசுகிசுத்தே போட வேண்டியிருந்தது, பாவம். சத்தம் போடாத சண்டை எப்படித் தீரும்?

சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப்போட வந்த நர்ஸம்மா ஒருநாள் கேட்டுவிட்டாள். ஒரு காலை எடுக்க வேண்டிவரலாம், அதற்குப் பிறகு வீட்டிலேயே இருக்க ஆசையா, பராமரிப்பு இல்லத்துக்குப் போகிறீர்களா என்று. வீட்டை விட்டுப் போக அவருக்கு எள்ளளவும் மனமில்லை. ஆனால் அடுப்படியில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது. மருமகள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். சின்னஞ்சிறுசுகள், வாய்விட்டுச் சண்டையாவது போடட்டும் என்று பழைய கண்டக்டர் குரலை எடுத்தார்.

"இல்லத்துக்கே போறேம்மா. அங்கதான் பேச்சுத்துணை இருக்கும்."

பாத்திரச் சத்தம் மறுபடி கேட்டது. அவள் வந்து தடுக்கவில்லை. சரி, அவளுக்கும் அதுதான் விருப்பம் என்று எடுத்துக்கொண்டார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

காலை எடுத்தும் ஆயிற்று. இல்லத்தில் தனி அறை கொடுத்தார்கள். மகன் மாத்திரை வாங்கப் போனதும் மருமகள் கதவைச் சாத்திவிட்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"நான் என்ன குறை வெச்சேன் மாமா?"

அதற்குமேல் மூடி மறைக்க அவருக்குத் தெம்பில்லை.

"எனக்கு இங்க வர இஷ்டமே இல்லம்மா. நீ கேட்டுட்டு நிக்கிறியேன்னு அப்படிச் சொன்னேன்."

"வீட்டுலயே இருக்கேன்னு சொல்லுவீங்கன்னுதானே நின்னேன்."

பெரியவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். இத்தனை நாள் ஒரே வீட்டில் தும்மல்கூடத் தப்பாமல் கேட்டுக்கொண்டு இருந்தவர்கள், கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டுவிட்டார்கள். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவருடைய பையைத் தூக்கினாள். கிளம்புங்கள், இப்போதே வீட்டுக்குப் போகலாம் என்றாள். மனதாரத்தான் சொன்னாள், அவருக்கும் அது தெரிந்தது. தான் உட்கார்ந்திருந்த சக்கர நாற்காலியைக் கையால் தடவிப் பார்த்தார்.

"நம்ம வீட்டுல பாத்ரூமுக்குப் போற நடையில இது நுழையாதும்மா."

இந்த முறை அவர் பொய் சொல்லவில்லை. அவள் பையைக் கீழே வைத்தாள்.