பூவரசன் கேட்ட கேள்வி

பூவரசன் அந்தக் கேள்வியைக் கேட்டபோது ஜெசிந்தா ஸ்டேப்ளரில் பின் நிரப்பிக்கொண்டிருந்தாள். விழுப்புரத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை மையம் ஒன்றில் ஆலோசகராகச் சேர்ந்து அவளுக்கு அது ஏழாவது மாதம். எதிரே உட்கார்ந்திருந்தவனுக்கு இருபத்து நான்கு வயதிருக்கும். டைல்ஸ் ஒட்டுகிறவன். நகக்கண்களில் வெள்ளை சிமெண்ட் காய்ந்திருந்தது. டெஸ்ட்டுக்கு வரவில்லை, ஒரு சந்தேகம் கேட்கத்தான் வந்தேன் என்று இரண்டு முறை சொல்லிவிட்டான். பிறகு மேசையைப் பார்த்தபடி கேட்டான்.

"மேடம், பின்பக்கமா வெச்சிக்கினா எந்த வியாதியும் வராதுன்னு பசங்க சொல்றானுங்க. நெசமா?"

அவளுக்குப் பதில் தெரியும். பயிற்சியில் ஒரு மதியம் முழுக்க அதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த மதியம் முழுக்க அவள் யார் முகத்தையும் பார்க்காமல் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். எழுதியதை வாயால் சொன்னதில்லை, அதுவும் ஓர் ஆணிடம். கதவு பாதி திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் ஆட்கள் இருந்தார்கள்.

"அந்த மாதிரி அசிங்கம்லாம் எதுக்கு தம்பி? ஒரு கல்யாணத்தப் பண்ணிக்கினு ஒழுங்கா இருங்க."

"சரிங்க மேடம்" என்றான். அவள் நீட்டிய துண்டறிக்கையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான். அவன் கேட்டதற்கு அந்தத் துண்டறிக்கையில் ஒரு வரிகூட இல்லை.

நான்கு வருடம் கழித்து, ஆஸ்பத்திரி வார்டில் படுத்திருக்கும் நோயாளிகளுக்குப் பரிசோதனை எடுக்கப் போனபோது மறுபடியும் அவனைப் பார்த்தாள். முகத்தை வைத்து அடையாளம் தெரியவில்லை. கேஸ் ஷீட்டில் பெயரைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. பரிசோதனையில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. காசநோய் மூளை வரைக்கும் போயிருந்தது. ஒரு வருடமாகக் காய்ச்சல், மெடிக்கல் ஷாப் மாத்திரைகளிலேயே ஓட்டியிருக்கிறான். சீக்கிரம் வந்திருந்தால் தினம் ஒரு மாத்திரையோடு எல்லோரையும் போல வாழ்ந்திருப்பான்.

"அப்பவே டெஸ்ட் பண்ணியிருக்கலாமே, ஏன் வர்ல?" என்று கேட்டுவிட்டாள்.

"வந்தேனே மேடம். ரெண்டு தடவ வந்து பெஞ்சுல குந்திக்கினு இருந்தேன். உள்ள நீங்க இருந்தீங்க. எழுந்து போய்ட்டேன்."

குரலில் கோபமே இல்லை. பஸ்ஸைத் தவறவிட்டதைச் சொல்வதுபோலச் சொன்னான். பத்தொன்பதாம் நாள் இறந்துபோனான்.

அவள் திண்டிவனத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தாள். பெஞ்சு கூடவே வந்தது. உள்ளே யாரோடாவது பேசிக்கொண்டிருக்கையில் வெளியே ஒருவன் எழுந்து போகும் சத்தம் கேட்கும். போய்ப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள். பஸ்ஸில் மயிலம் தாண்டும்போது முன்சீட்டுக் கம்பியைப் பிடித்திருக்கும் ஏதாவதொரு கையில் சிமெண்ட் காய்ந்திருக்கும். வீட்டில் குழம்பு கொதிக்கும்போது அவனிடம் சொல்லியிருக்க வேண்டியதை அடுப்பைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பாள். காண்டம் கிழிஞ்சிட்டா பயப்படாத தம்பி, மூணு நாளைக்குள்ள ஓடிவா, எவ்ளோ சீக்கிரம் வர்றியோ அவ்ளோ நல்லது, தடுக்கறதுக்கு மாத்திரை இருக்குது. ஒருமுறை பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடலாமென்று மாதா கோயிலுக்குப் போனாள். அங்கேயும் அவன் கேட்டதை வாயால் சொல்ல வேண்டியிருக்குமே என்று நினைத்ததும் வரிசையிலிருந்து எழுந்து வந்துவிட்டாள். பாதி வழியில்தான் உறைத்தது, அவனும் இப்படித்தான் எழுந்து போயிருப்பான்.

போன மாதம் ஒரு காலையில், பெஞ்சில் ஒரு பெண் இரண்டு முறை எழுந்து இரண்டு முறை உட்கார்ந்ததை ஜெசிந்தா பார்த்தாள். மூன்றாம் முறை எழுவதற்குள் தானே வெளியே போய்க் கூப்பிட்டு வந்தாள். பெயர் கலைப்பிரியா. பெருமுக்கல் பக்கம். டவுனில் ஜவுளிக்கடையில் வேலை. ஒரு வயதுக் குழந்தை இருக்கிறது.

"மூலமா இருக்குமோன்னு… வெளிக்குப் போறப்ப ரத்தம் வருது மேடம். டாக்டரு ஜென்ட்ஸா இருந்தாரு, அதான் இங்க வந்து குந்திக்கினேன். இன்னொரு கொழந்த இப்ப வேணாம்னு வீட்டுக்காரரு…"

ஜெசிந்தா எழுந்து கதவைச் சாத்தினாள்.

"பின்பக்கமா வெச்சிக்கிறாராம்மா?"

கலைப்பிரியா துப்பட்டா முனையைப் பார்த்துத் தலையாட்டினாள். "அதுல ஒண்ணும் ஆவாதுன்னாரு."

"கொழந்த வேணாம்னா அதுக்கு வேற வழி எத்தினியோ இருக்குது, அப்புறம் சொல்றேன். ஆனா வியாதி அந்தப் பக்கமாத்தான் இன்னும் சுலுவா ஒட்டும். அங்க தோல் ரொம்ப மெல்லிசு. தானா ஈரம் ஊறாது. கண்ணுக்குத் தெரியாமயே கிழியும். காண்டம் போடுறாரா?"

"இல்ல. தேங்காண்ணெதான்."

"காண்டம் இல்லாம வேணவே வேணாம். காண்டம் போட்டா எண்ணெ, வாசலின் எதுவும் தடவக்கூடாது, ரப்பர் கிழிஞ்சிரும். மெடிக்கல்ல தண்ணில கரையற ஜெல்லுன்னு கேளு, நெறைய போடணும். அங்கேர்ந்து முன்பக்கம் வந்தா காண்டத்த மாத்தணும். மரத்துப்போற மருந்து எதனா தடவிக்காத, வலிச்சா நிறுத்தணும், அவ்ளோதான். இப்ப அந்தப் புண்ணு ஆறுற வரைக்கும் கிட்டயே வர வேணாம்னு சொல்லு. லேடி டாக்டர் கிட்ட நானே கூட்டிக்கினு போறேன்."

தன் குரல் நடுங்காமல் இருப்பது ஜெசிந்தாவுக்கே ஆச்சரியமாக இருந்தது. பாதியில் பார்வை கலைப்பிரியாவை விட்டுச் சாத்திய கதவுக்குப் போயிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் யாரோ எழாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பதுபோல, கடைசி வார்த்தைகளைக் கதவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளாகவே பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"உனக்கு இதுல இஷ்டமா?"

"அத யாரும் கேக்கல மேடம்" என்றாள்.

"இஷ்டம் இல்லன்னா வேணாம்னு சொல்லலாம். புருசன்னாலும் கேட்டுத்தான் தொடணும்."

லேடி டாக்டர் பார்த்துவிட்டு மூலம் இல்லை, வெடிப்புதான், ஆறிவிடும் என்றார். ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடியும் ஒருமுறை எடுக்க வேண்டும், வீட்டுக்காரரும் எடுக்க வேண்டும் என்றாள் ஜெசிந்தா.

"வெளிய கேட்டாண்டதான் வண்டில நிக்கிறாரு. உள்ள வர மாட்டாரு."

"நீ கூப்பிடறதா சொல்ல வேணாம். மேடம் கூப்பிடுறாங்கன்னு சொல்லு."

கலைப்பிரியா வெயிலில் இறங்கி நடந்தாள். ஜெசிந்தா ஜன்னலோரம் நின்றாள். கேட்டருகே வேப்பமரத்தடியில் அவள் கணவன் ஹெல்மெட்டைக் கழற்றாமல், கண்ணாடியையும் இறக்கிவிட்டபடி, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும் பைக்கில் உட்கார்ந்திருந்தான். கலைப்பிரியா கைப்பிடியில் கை வைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள். அவன் இல்லையென்று தலையசைத்தான். அவள் நகரவில்லை, மறுபடியும் சொன்னாள். இந்த முறை தலை குனியாமல் பேசுவது அவ்வளவு தூரத்திலிருந்தே தெரிந்தது. ஒரு ஆம்புலன்ஸ் உள்ளே வந்து அவர்களை மறைத்தது. அது நகர்ந்தபோது பைக் சத்தம் நின்றிருந்தது. ஹெல்மெட் இன்னும் தலையில்தான் இருந்தது. சாவி அவன் கையில் இருந்தது.