ஒன்பது மணி வகுப்பு

வெள்ளை வேட்டியை அப்பாவின் மடியில் வைத்தாள் பிரமிளா. சந்திரசேகரன் அதை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு மறுபடியும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அது அவள் தம்பி கோகிலனின் கட்டில். கோகிலன் கீழே, அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் போட்ட கூடாரத்துக்குள், குளிர்பெட்டியில் கிடந்தான். அவனுக்கு இருபத்தொரு வயது.

“அப்பா, காரியம் செய்யப் பண்டாரம் வந்துட்டாரு. உங்களத்தான் கேக்கறாரு.”

“சித்தப்பாவச் செய்யச் சொல்லு.”

“நீங்க இருக்கறப்ப அவரு எப்படிப்பா குடம் தூக்குவாரு?”

“நான் செய்யமாட்டேன்.”

நேற்று மதியத்திலிருந்து இதே பதில்தான். ஆஸ்பத்திரிக்கும் வரவில்லை. பெட்டி வந்து இறங்கியபோதும் கீழே வரவில்லை. மகனின் முகத்தை அவர் இன்னும் பார்க்கவே இல்லை. முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்ட மனுஷன், படி இறங்க முடியவில்லை என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிவைத்திருந்தார்கள். மின்தூக்கி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. காரணம் முழங்கால் இல்லை என்பது வீட்டில் மிச்சமிருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

நேற்றுக் காலையில் கோகிலன் சப்பாத்து போட்டுக்கொண்டே, “படிப்ப விட்டுடலாம்னு பாக்கறேன்பா,” என்றான். டிப்ளோமாவில் ஒரே பாடம் அவனைத் திரும்பத் திரும்பக் கவிழ்த்துக்கொண்டிருந்தது. சந்திரசேகரன் ஆத்திரத்தில், “இன்னிக்கு நீ காலேஜுக்குப் போகலன்னா இந்த வீட்டுக்குத் திரும்பி வராத,” என்று சொல்லிவிட்டார். எந்த வீட்டில்தான் இதைச் சொல்லவில்லை? சொல்லிவிட்டு ராத்திரி சோற்றோடு மறந்துபோகிற பேச்சு. கோகிலன் தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு போனான். ஜெலுத்தோங் விரைவுச்சாலையில் ஒரு லாரி அவன் மோட்டார் சைக்கிளை இடித்துவிட்டது.

“வராதன்னு சொன்னேன். வரல,” என்றார் சந்திரசேகரன், சுவரிடம். “எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் அவனுக்குக் கொள்ளி வைப்பேன், சொல்லு.”

பிரமிளாவுக்கு அழுகைக்குப் பதில் கோபம் வந்தது. அப்பாவின் மேல் கோபம், செத்துப்போனவன் மேல் கோபம், கீழே நின்றுகொண்டு மணியாகிறது மணியாகிறது என்று ஆள் அனுப்பும் சித்தப்பாவின் மேல் கோபம். வேட்டியை அங்கேயே விட்டுவிட்டுக் கீழே இறங்கினாள்.

கூடாரத்தில் கல்லூரிப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். வகுப்பே வந்துவிட்டது. மலாய்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் சப்பாத்தைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல், கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள். எல்லார் கழுத்திலும் கல்லூரி அட்டை தொங்கியது. கழற்றி வைக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை போலும்.

கல்லூரி என்றதும் மணிக்கூண்டும் புல்வெளியும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்கு ஒரு சந்து தள்ளி, பழைய கடைவீடுகளுக்கு நடுவே நிற்கும் மாடிக் கட்டடம் அது. கீழே நகலெடுக்கும் கடை. கேன்டீன் என்பது பின்சந்தில் ஒரு நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்; யார் யாரோடு பேசுவதில்லை, யார் யாரிடம் சார்ஜர் வாங்கித் திருப்பித் தரவில்லை என்பது வரைக்கும் தெரியும். வருகை குறைந்தால் தேர்வு எழுத விடமாட்டார்கள். ஆகவே அங்கே கூட்டாளி என்றால், வராதவனுக்கு வருகை போட்டுவிடுகிறவன். விரிவுரையாளர் திரையில் ஒரு கியூஆர் கட்டம் காட்டுவார். கைப்பேசியை அதற்கு நேரே பிடித்தால் பெயர் ஏறிவிடும். வராதவனின் கணக்கைத் தன் கைப்பேசியில் திறந்து அவனுக்கும் சேர்த்துப் பிடிப்பது அங்கே குற்றமே இல்லை, செய்யாவிட்டால்தான் குற்றம். இதையெல்லாம் கோகிலன் சாப்பிடும்போது சிரித்துச் சிரித்துச் சொல்வான். அக்காவிடம் மட்டும், அம்மா அடுப்படியில் இருக்கும்போது.

பெட்டிக்குப் பக்கத்தில் அம்மா ருக்குமணி தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் மிஸ் பிரியந்தி. கோகிலனைக் கவிழ்த்துக்கொண்டிருந்த பாடம் அவருடையதுதான்.

“நேத்து ஒன்பது மணி என்னோட கிளாஸ்தான் ஆண்டி,” என்றார் மிஸ் பிரியந்தி. “வந்திருந்தான். இன்னிக்குக் காலையில அட்டெண்டன்ஸ எடுத்துப் பாத்தேன். பேர் இருந்துச்சு. பாத்துட்டு எனக்கு அழுகை வந்துருச்சு.”

ருக்குமணி நிமிர்ந்தாள். “வந்தானா?”

“வந்தான் ஆண்டி.”

“காலேஜுக்குப் போனானா?”

“போனான்.”

ருக்குமணி எழுந்தாள். நேற்றிலிருந்து யார் தூக்கியும் எழாதவள். முந்தானையைச் சரி செய்துகொண்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல் மின்தூக்கிப் பக்கம் நடந்தாள்.

பிரமிளா அப்படியே நின்றாள். ஆஸ்பத்திரி முகப்பில் போலிஸ்காரர் மலாயில் சொன்னது அவள் காதில் இன்னும் இருந்தது. எட்டு மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் விபத்து, அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது என்றார். மிஸ் பிரியந்தி வகுப்பறைக் கதவைத் திறந்தபோது கோகிலன் சாலையோரத்தில் துணிக்குக் கீழே கிடந்தான். அப்பாவுக்கு மதியம்தான் தகவல் சொன்னார்கள். எப்போது நடந்தது என்று அவர் கேட்கவும் இல்லை. ஆஸ்பத்திரியில் அம்மா தள்ளி ஒரு பெஞ்சில் சுருண்டு கிடந்தாள். அவளுக்கு எதுவும் கேட்டிருக்காது என்று பிரமிளா நினைத்தாள்.

“அக்கா.”

திரும்பினால் ஹைக்கல். கோகிலனின் வகுப்புத் தோழன், அவன் நிழல். நாசி கண்டார் கடை அவன் மாமாவுடையது. பாதி நாள் இந்த வீட்டில்தான் கிடப்பான். கண் இரண்டும் வீங்கியிருந்தது. அவளை மோட்டார் நிறுத்தியிருந்த பக்கம் கூட்டிப்போனான்.

“அக்கா, மிஸ் சொன்னது… அது நான் போட்டது.”

“தெரியும்.”

“அவன் வரல அக்கா. சிம்பாங் அம்பாட்ல ஒரு ஃபேக்டரில இன்டர்வியூ. அங்கதான் போய்க்கிட்டிருந்தான். இன்னிக்கு மட்டும் போட்டுடு லா, வேல கெடச்சா அப்புறம் போடவே வேணாம்னு மெசேஜ் அனுப்பினான். நானும் போட்டேன். போட்டுட்டு அவன எமோஜி வச்சுக் கிண்டல் பண்ணேன். அப்ப அவன்…” முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான். “நான் அம்மாகிட்ட சொல்லிடறேன் அக்கா. செத்துப்போனவனுக்கு அட்டெண்டன்ஸ் போட்டிருக்கேன். எனக்குத் தாங்கல.”

“உனக்குத் தாங்கலன்னா?” என்றாள் பிரமிளா. குரல் அவளுக்கே கசந்தது. “உனக்கு லேசாகணும்னு எங்கம்மா தலையில கொண்டுபோய் எறக்கப்போறியா? எங்கப்பா மேல உக்காந்திருக்காரு. பெத்த புள்ளைக்குக் கொள்ளி வைக்கமாட்டேங்கறாரு. அவன் காலேஜுக்குப் போனான்னு அம்மா போய்ச் சொன்னா ஒருவேள எறங்கி வருவாரு. வரலன்னா சித்தப்பாதான் வைக்கணும். ஆயுசுக்கும் அதோட அவரு எப்படிப்பா இருப்பாரு?”

ஹைக்கல் தரையைப் பார்த்தான்.

“வாயத் தெறக்காத,” என்றாள். பிறகு, “தம்பி, தயவுசெஞ்சு,” என்றாள்.

மின்தூக்கி திறந்தது. சந்திரசேகரன் வேட்டி கட்டியிருந்தார். சட்டை இல்லாத உடம்பு ஒரே நாளில் சுருங்கியிருந்தது. ருக்குமணி அவர் முழங்கையைப் பிடித்திருந்தாள். அவர் பெட்டியருகே போய் நின்று முகத்தைப் பார்த்தார். கன்னத்தில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தார். கண்ணாடியின் மேல் உள்ளங்கையை வைத்து, அது பனியில் ஈரமாகும்வரை எடுக்கவில்லை.

பண்டாரம் தொண்டையைக் கனைத்தார். ஆனால் சந்திரசேகரன் அவர் பக்கம் போகவில்லை. பிள்ளைகள் உட்கார்ந்திருந்த வரிசைக்கு வந்து, காலியாக இருந்த ஒரு சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தார். துறைமுகத்தில் எல்லா இனத்தாரோடும் வேலை செய்தவர், எல்லாருக்கும் புரியட்டும் என்று மலாயில்தான் கேட்டார்.

“நேற்று ஒன்பது மணி வகுப்பில் அவனோடு யார் யார் இருந்தீர்கள்?”

எதிர்மாடியில் யாரோ துணி உதறும் சத்தம் கேட்டது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு எல்லாம் தெரியும் என்பது பிரமிளாவுக்கு அந்தப் பார்வையிலேயே புரிந்தது. வகுப்பு முழுவதற்கும் தெரியும். இத்தனை பேரில் ஒரு வாய் தவறினால் போதும், அப்பா திரும்பவும் அந்தக் கட்டிலுக்குப் போய்விடுவார், அப்புறம் இறங்கமாட்டார்.

“நான் அங்கிள்,” என்றான் ஹைக்கல் தமிழில். “என் பக்கத்துலதான் உக்காந்திருந்தான்.”

“எங்க?”

“கடைசி வரிசையில. ஏர்கோனுக்குக் கீழ.”

சந்திரசேகரன் தலையை ஆட்டினார். போதவில்லை என்பது போலக் காத்திருந்தார். அடுத்து இர்வான் என்ற மலாய்ப் பையன் மெல்லச் சொன்னான், கோகி தன்னிடம் பேனா இரவல் வாங்கினான் என்று. திருப்பித் தரவில்லை என்றும் சேர்த்துக்கொண்டான். யாரோ அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டார்கள். மூக்குக் கண்ணாடி போட்ட சீனப் பெண் ஒருத்தி, குறிப்புகளைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னான், அனுப்பினேன் என்றாள். இன்னொருத்தி, வகுப்பு முழுக்க என் நாற்காலியைக் காலால் தட்டிக்கொண்டே இருந்தான், நான் திட்டினேன் என்று சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். அவள் திட்டியது என்றைக்கோ ஒருநாள் நடந்திருக்கும். தட்டியதும் நிஜமாக இருக்கும். நேற்றைக்கு மட்டும் இல்லை.

மிஸ் பிரியந்தி நின்றுகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். ஹைக்கலைப் பார்த்தார். அவன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். அவர் முகம் வெளிறுவதைப் பிரமிளா பார்த்தாள். இத்தனை வருஷம் பாடம் நடத்துகிறவருக்குப் பிள்ளைகள் கூடிச் சொல்லும் பொய் தெரியாதா என்ன?

“நீங்க அவனப் பாத்தீங்களா மிஸ்?” என்றார் சந்திரசேகரன்.

மிஸ் பிரியந்தி கைப்பையின் வாரை இழுத்துப் பிடித்தார். “ஒரு கேள்வி கேட்டேன் அங்கிள். எழுந்து பதில் சொன்னான்.”

“சரியாச் சொன்னானா?”

“சரியாத்தான் சொன்னான்.”

சந்திரசேகரன் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். பிறகு எழுந்து பண்டாரத்திடம் போனார். “தண்ணி எங்க ஊத்தணும்?” என்று கேட்டார்.

வாய்க்கரிசி போடும்போதுதான் அவர் உடைந்தார். “ஐயா, போயிட்டியா ஐயா,” என்று சின்னப் பிள்ளையைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டார். பிரமிளாவுக்கும் அப்போதுதான் அழுகை வந்தது. நேற்றிலிருந்து அடைத்துக் கிடந்ததெல்லாம் வந்தது. பெண்கள் சுடலைக்கு வர வேண்டாம் என்று சித்தப்பா சொல்லிவிட்டார். வண்டி பத்து லஞ்சாங் சுடலைக்குக் கிளம்பியது. பிள்ளைகள் மோட்டார்களில் பின்னால் போனார்கள். விரைவுச்சாலைக்குத் திரும்பும் இடத்தில் எல்லாரும் வேகத்தைக் குறைத்ததைக் கூடாரத்திலிருந்தே பார்க்க முடிந்தது. ருக்குமணி அழவில்லை. மேலே வந்து வீட்டைக் கழுவத் துடைப்பத்தை எடுத்தாள்.

சாயங்காலம் ஆண்கள் திரும்பினார்கள். கால் கழுவிவிட்டு ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். “அண்ணன் குடத்த யாருகிட்டயும் தரல,” என்று சித்தப்பா சொன்னார். “கால் வலின்னுகூடச் சொல்லல. கடைசிவரைக்கும் அவரே செஞ்சாரு.”

ஹைக்கல் வாசலிலேயே நின்றான். உள்ளே வரவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து வந்த தேநீரை ருக்குமணி ஒரு குவளையில் ஊற்றி, வெளியே தாழ்வாரத்துக்குக் கொண்டுபோய் அவன் கையில் கொடுத்தாள். பிரமிளா கதவுக்குப் பின்னால் ஈரத் துணியோடு நின்றாள்.

“குடிங்க தம்பி. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல நீங்க.”

அவன் குடித்தான். குவளை பல்லில் இடித்தது.

“அந்தப் போலிஸ்காரர் பேசினது எனக்கும் கேட்டுச்சு,” என்றாள் ருக்குமணி. அவன் குவளையை இறக்கினான். அவள் அவனைப் பார்க்கவில்லை. தாழ்வாரச் சுவருக்கு அப்பால் தெரிந்த சுங்கை பினாங் கூரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “நாளைக்கு அவனுக்கு அட்டெண்டன்ஸ் போட்டுடாதீங்க தம்பி. போதும்.”

ஹைக்கல் தலையை ஆட்டினான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் காலிக் குவளையை வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

பிரமிளாவைத் தாண்டித்தான் போனாள். கண்கள் சந்தித்தன. மகள் எதையாவது கேட்பாளோ என்று ஒரு கணம் நின்றாள். பிரமிளா கேட்கவில்லை. மிஸ் பிரியந்தி சொன்னதைக் கேட்டவுடனே அம்மா எதற்காக எழுந்தாள் என்பது இப்போது விளங்கியது.

கூடத்தில் எதிர்வீட்டுக்காரர் துக்கம் கேட்க வந்திருந்தார். சந்திரசேகரன் ஈர வேட்டியை மாற்றாமலே தரையில் உட்கார்ந்து அவரிடம் பேசிக்கொண்டிருந்தார். நேற்றிலிருந்து இத்தனை பேச்சு அவர் பேசியதில்லை.

“கிளாஸுக்குப் போயிருக்கான். கடைசி வரிசையில உக்காந்திருக்கான். மிஸ் கேட்ட கேள்விக்குச் சரியாப் பதில் சொன்னானாம். அந்த மிஸ்ஸே வந்து சொன்னாங்க.” நிறுத்தினார். முகம் கலங்கியது. “வீட்டுலேர்ந்து வெறும் வயித்தோட போனான். நான் பேசின பேச்சுல ஒண்ணும் சாப்பிடாம போயிட்டான்.”

ருக்குமணி குவளையைக் கீழே வைத்துவிட்டு கணவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“பசியாறிட்டான்,” என்றாள். “கேன்டீன்ல ரெண்டு ரொட்டி சாப்பிட்டுத்தான் கிளாஸுக்குப் போனானாம். ஹைக்கல் இப்பத்தான் சொல்லிட்டுப் போறான்.”