நின்றுபோன பஸ்

றொசானாவின் குரல் மூன்றாவது வாங்கு வரிசையைத் தாண்டவில்லை.

"கேக்கலங்க மிஸ்!" என்றது கடைசி வரிசை.

கதவோரம் அதிபர் கந்தப்பன் உட்கார்ந்திருந்தார். வேலைக்கு ஆள் எடுக்க வைத்த இந்தச் சோதனைப் பாடம் அவருக்குப் பிடித்தால், மலையகத்து டயகமவில் அவள் படித்த இதே பள்ளிக்கூடத்தில் வேலை. இல்லையென்றால், தோழி கிருஷாந்தி போன வழியே கொழும்புத் துணிக்கடை.

கரும்பலகையில் வரைந்த வட்டத்தைக் காட்டினாள்.

"துடிவிண்மீன்னு பேரு. ஆனா துடிக்கிறதில்ல, சுத்துது. அது ஒரு பெரிய காந்தம். அவ்வளவு வேகமாச் சுத்துறதால மின்விசை உண்டாகி, மேற்பரப்புல இருக்கிற இலத்திரன்ங்கிற மின்துகளப் பிடுங்கி எறியுது. வளைஞ்ச காந்தக் கோட்டு வழியா ஓடுறப்போ அது கதிர் வீசும். அந்தக் கதிர்ல இருந்து இன்னும் துகள் பொறக்கும். அந்தக் கூட்டத்துல இருந்துதான் ரேடியோ அலை வருது. அலை வர்ற முனை நம்ம பக்கம் திரும்புறப்போ எல்லாம் நமக்கு ஒரு துடிப்பு."

கடைசி வரிசையில் நிஷாந்தி எழுந்தாள். "இலத்திரன் தம்மாத்தூண்டு தானே மிஸ்? அதோட அலை இம்புட்டுத் தூரம் எப்பிடி வரும்? நீங்க பேசுறதே இங்க வரல."

வகுப்பு சிரித்தது. கந்தப்பனும் சிரித்துவிட்டார்.

முகம் சுட, றொசானா ஜன்னல் பக்கம் திரும்பினாள். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஹட்டன் ரோடு. வெளியூர் வகுப்புக்குப் போன காலத்தில் அவளும் கிருஷாந்தியும் துஷாந்தும் தோட்டத்து லய வீடுகளிலிருந்து எப்போதும் பிந்தித்தான் இறங்குவார்கள். ஒருத்தி "அண்ணே" என்பாள், ஒருவன் "நில்லு" என்பான், இவள் வாயே திறக்கமாட்டாள். பஸ் போய்விடும். ஒருநாள் துஷாந்துக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆளுக்கொண்ணு கத்தினா எவனுக்குடி கேக்கும்? நான் கையத் தட்டுனதும் மூணு பேரும் ஒரே வார்த்தை. ஊமச்சி, நீயுந்தான்!"

அன்றைக்குப் பஸ் நின்றது. இப்போது துஷாந்த் கட்டாரில்.

"எல்லாரும் ஜன்னலுக்கு வாங்க," என்றாள். "அவங்கவங்க பேரக் கத்துங்க."

ஒரே இரைச்சல். ஒரு பெயரும் புரியவில்லை.

"இப்ப நான் கையத் தட்டுனதும், 'அண்ணே நில்லுங்க'."

தட்டினாள். எதிர்மலை திருப்பிச் சொன்னது.

"இப்பிடித்தான். இலத்திரனும் கொத்துக் கொத்தா ஒண்ணா அசையுது. பத்து ஒண்ணா அசைஞ்சா அலையோட பலம் பத்து மடங்கில்ல, நூறு மடங்கு."

"அங்க கை தட்டுறது யாருங்க மிஸ்?" நிஷாந்தி விடவில்லை.

"அது இன்னும் யாருக்கும் சரியாத் தெரியாது. தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க."

கீழே ஹாரன் கேட்டது. ரோட்டில் ஒரு பஸ் நின்றிருந்தது. கண்டக்டர் மிதிபலகையில் தொங்கியபடி மேலே பார்த்து, 'என்ன?' என்பதுபோல் கை விரித்தான்.

கந்தப்பன் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "பாவம், அவன அனுப்பி விடுங்க. திங்கக்கிழமையில இருந்து ஜன்னலச் சாத்திட்டுப் படிச்சுக் குடுங்க, டீச்சர்."

திங்கட்கிழமை. டீச்சர். அவளுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

பிறகு கையைத் தட்டினாள்.

"போங்கண்ணே!"

அதில் அவள் குரலும் இருந்தது.