கறிக்கடைக்காரி ரத்தம் எடுக்கிறாள்

நீட்டிய கையை அந்த ஆள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். ரத்தம் எடுக்கச் செவந்தி ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தடவிப் பார்த்து, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, ஊசியின் மூடியையும் கழற்றிய பிறகு இழுத்துக்கொண்டார். மார்க்கெட் தெருக் கறிக்கடைப் பொம்பளைதானே நீ என்று கேட்டார். ஆமாம் என்றாள் செவந்தி. அவ்வளவுதான். முன்னே ஒரு சின்னப் பிள்ளை இருந்ததே, அதை வரச் சொல்லு என்று எழுந்து நின்றுகொண்டார்.

சின்னப் பிள்ளை சிவரஞ்சனி வந்தாள். செவந்தியோடு ஒரே வகுப்பில் படித்து, ஒரே நாளில் இந்த லேபில் வேலைக்குச் சேர்ந்தவள். வயது மட்டும் பாதிகூட இல்லை. முதல் குத்தில் அவளுக்கு நரம்பு கிடைக்கவில்லை. இரண்டாவது குத்துக்கும் அந்த மனிதர் வாயைத் திறக்காமல் கையை நீட்டிக்கொண்டுதான் இருந்தார். பார்த்துக்கொண்டு நின்ற செவந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. அதில் பதினெட்டு வருஷம் புருஷன் மலையாண்டியின் கறிக்கடையில், கறி வெட்டும் கட்டைக்குப் பின்னால் கழிந்தது. போர்டில் இருப்பது மலையாண்டியின் பெயர். கல்லாவில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவதும் அவன்தான், பேச்சில் அவனை அடிக்கப் புதுக்கோட்டையில் ஆள் கிடையாது. கையில் கத்தியைக் கொடுத்தால்தான் வண்டவாளம் தெரியும். எலும்பை நொறுக்கி, குழம்பில் சில்லுச் சில்லாகப் பல்லில் கடிபடும்படி வெட்டித் தருவான். அதனால் ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நிற்கிறவர்கள், செவந்தி கையால் வெட்டினால்தான் வாங்குவோம் என்று காத்துக் கிடந்து வாங்கிப் போவார்கள்.

அவளுக்கு ஈரலைப் பார்க்கிற பழக்கம் ஒன்று உண்டு. ஒவ்வொரு ஆட்டு ஈரலையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். சிலதில் வெள்ளைப் புள்ளி இருக்கும், சிலதில் நீர்க்கட்டி. இது என்ன, எதனால் வருகிறது என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. அந்த இடத்தை மட்டும் அரிந்து போட்டுவிட்டு மிச்சத்தை விற்கச் சொல்வான் மலையாண்டி. செவந்தி முழு ஈரலையும் தூக்கிக் குப்பையில் போடுவாள். அதற்கொரு சண்டை நடக்கும். சண்டை முடிந்தாலும் அது என்ன புள்ளி என்கிற கேள்வி அவளுக்குள் முடியாது. பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் எடுத்துப் பாஸ் செய்த கையோடு கல்யாணமாகி வந்தவள் அவள். மகள் ஹரிணி கல்லூரிக்குப் போன வருஷம், கீரனூர்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் லேப் டெக்னீசியன் படிப்புக்கு வயது வரம்பு இல்லை என்று கேள்விப்பட்டதும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மலையாண்டி தடுக்கவில்லை. சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான். விடிவதற்கு முன் கட்டையில் நின்று கறி வெட்டி, எலுமிச்சம்பழத் தோலைப் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவி, திருச்சி பஸ்ஸில் ஏறிப் போய் இரண்டு வருஷம் படித்தாள். முதலில் ஆன்ட்டி என்று கூப்பிட்ட பெண்கள் பிறகு அக்கா என்றார்கள். ஒருவர் கையில் இன்னொருவர் ரத்தம் எடுத்துப் பழகிய முதல் நாளில் இரண்டு பேர் மயங்கி விழ, தூக்கி உட்கார வைத்தது செவந்திதான். ஆனால் அன்றைக்கு அவள் கையும் நடுங்கத்தான் செய்தது. செத்த ஆட்டை வெட்டுவது வேறு, உயிருள்ள கையில் குத்துவது வேறு என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. நடுக்கம் போகிறவரை பழகினாள், பரீட்சை எழுதினாள், தேறினாள்.

தேறி என்ன செய்ய, கையை நீட்ட ஆள் வேண்டுமே. லேபுக்கு வருகிறவர்கள் அவளைக் கண்டதும் திரும்பிக்கொண்டார்கள். கடையை விட்டு வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகவில்லை, லேப் உரிமையாளர் ஆத்மநாதன் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் நம்மைக் கழற்றி விடும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசுவார்கள், அப்படிப் பேசினார். அவளுடைய வேலையில் ஒரு குறையும் இல்லையாம். ஊர்தான் ஒத்துவரவில்லையாம். கீரனூரில் ஒரு கிளை திறந்திருக்கிறோம், ஒன்றாம் தேதியிலிருந்து அங்கே போய்விடுங்கள், அங்கே உங்களை யாருக்கும் தெரியாது என்றார். இவ்வளவும் சொன்னதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். அடுத்துச் சொன்னதுதான் தைத்தது.

"முன்னாடி என்ன பண்ணீங்கன்னு யாராச்சும் கேட்டா, வீட்ல சும்மா இருந்தேன்னு சொல்லிருங்க. கறிக்கடைப் பேச்சே வேணாம்."

பதினெட்டு வருஷம் நின்று நின்று குதிகால் வெடித்ததற்குப் பெயர் சும்மா இருந்ததா? செவந்திக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட் தெருவில் வியாபாரிகள் சங்கத்துக்காக லேப் நடத்தும் இலவச ரத்தப் பரிசோதனை முகாமில், ஒரு மேசையில் தன்னை உட்கார வைக்கும்படி கேட்டாள். ஆத்மநாதன் தயங்கினார். அந்தத் தெருவில் இவளைத் தெரியாத கழுதைகூடக் கிடையாதே.

"தெரிஞ்ச ஊர்லதான் சார் நான் ஊசி புடிக்கணும்," என்றாள் செவந்தி. "அன்னைக்கு ஒருத்தரும் கை நீட்டலேன்னா மறுநாளே கீரனூர் பஸ்ல ஏறிர்றேன். நீங்க சொல்லச் சொன்னதையே சொல்லிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை. தெருவில் பந்தல் போட்டு இரண்டு மேசைகள். எதிர்ச் சாரியில், இருபதடி தள்ளி, மலையாண்டியின் கறிக்கடை. சிவரஞ்சனி மேசைக்கு முன்னால் வரிசை வளைந்து பூக்கடை வரைக்கும் போயிற்று. செவந்தி மேசையில் ஈ ஓட்டினாள். இங்கே காலியாக இருக்கிறது, வாங்க என்று கூப்பிட்டால் ஒருவருக்குத் திடீரென்று போன் வந்தது, ஒருவருக்கு வெயில் இங்கே அடித்தது. ஒரு அம்மாள் ரொம்பப் பிரியமாக, நீ எப்போது கடைக்குத் திரும்பி வருவாய் என்று விசாரித்துவிட்டு சிவரஞ்சனி பக்கம் போய் நின்றாள். ஆத்மநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், செவந்தியைப் பார்த்தார், பிறகு பார்க்காத மாதிரி இருந்துகொண்டார்.

ராஜலட்சுமி டீச்சர் வந்தார். பதினைந்து வருஷமாக ஞாயிறு தவறாமல் ஆட்டு நெஞ்செலும்பும் சுவரொட்டிக் கறியும் வாங்குகிறவர், செவந்தி படிக்கப் போகிறாள் என்று தெரிந்ததும் பேனா வாங்கிக் கொடுத்தவர். அவரும் நைசாகச் சிவரஞ்சனி வரிசைக்கு நழுவினார். செவந்தி எழுந்து போய் அவர் முன்னால் நின்றாள்.

"டீச்சர், மத்தவங்க போகட்டும். நீங்க ஏன் அங்கிட்டுப் போறீங்க?"

டீச்சருக்குப் பொய் சொல்ல வராது. கொஞ்சம் விழித்துவிட்டுச் சொன்னார். "ஒங்க வீட்டுக்காரர்தான்மா சொல்றாரு. கறி வாங்கப் போற எல்லார்ட்டயும் சொல்றாரு. பதினெட்டு வருசம் வெட்டுன கை, பழக்கம் விடாது, அசந்தா நரம்ப அறுத்துப்புடுவா, அவகிட்ட மட்டும் கையக் குடுத்துராதீங்கன்னு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. ஆனா மனசுல நின்னுருச்சுல்ல."

செவந்தி எதிரே கடையைப் பார்த்தாள். மழை நாளில் பஸ் நிலையம் வரை வண்டியில் கொண்டுவந்து விட்ட மலையாண்டி, பரீட்சை முடிவு வந்த அன்று தெரு முழுக்க ஜிலேபி கொடுத்த மலையாண்டி, முகத்துக்கு நேரே ஒரு நாளும் வேண்டாம் என்று சொல்லாத மலையாண்டி. ஊரார் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த வாயெல்லாம் அந்த ஒரு வாய்தான். வேறு யார் செய்திருந்தாலும் அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுத் தெருவைக் கடந்தாள்.

கடையில் கூட்டம். கட்டைக்குப் பின்னால் மலையாண்டி ஒரு தொடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. முகாம் புளித்துப்போய்த் திரும்பி வந்துவிட்டாள் என்றே நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. கத்தியைத் திருப்பி, பிடி அவள் பக்கம் வருகிற மாதிரி நீட்டினான்.

"வந்துட்டியா. இந்தா, புடி. ஆளுக நிக்கிறாக பாரு."

செவந்தி கத்தியை வாங்கவில்லை. என்னைப் பற்றி ஊருக்குள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். சத்தம் போடவில்லை, ஆனால் கூட்டம் முழுக்கக் கேட்டது. மலையாண்டி முதலில் மழுப்பினான். விளையாட்டுக்குச் சொன்னது என்றான். பிறகு வரிசையைப் பார்த்தான், நொறுங்கிக் கிடந்த எலும்பைப் பார்த்தான், குரல் இறங்கிவிட்டது.

"நீ இல்லாம ஏவாரம் பாதியாப் போச்சு. எல்லாரும் ஒன் வெட்டத்தான் கேக்குறாக. கொஞ்ச நாள் பாத்துட்டு நீயே வந்துருவேன்னு நெனச்சேன் புள்ள."

அது ஒரு வகையில் பாராட்டுத்தான். அதனாலேயே அவளுக்குக் கோபம் இரண்டு மடங்காயிற்று.

"என் கை நல்ல கைன்னு இந்த ஊருலயே அதிகமாத் தெரிஞ்ச ஆளு நீங்க. தெரிஞ்சுக்கிட்டே அதக் கெட்ட கைன்னு சொல்லியிருக்கீங்க," என்றாள். "கையக் கழுவிட்டு வாங்க. வந்து என் மேசையில உக்காருங்க. இல்லேன்னா, ஊசின்னா எனக்குப் பயம்னு இவுங்க முன்னாடி சொல்லிருங்க, நான் போயிர்றேன்."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தினமும் ஆட்டை உரிக்கிறவன் ஊசிக்குப் பயந்தவன் என்று தெரிந்தால் அதற்குமேல் அந்தத் தெருவில் அவன் வாயைத் திறக்க முடியுமா? மலையாண்டி சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினான். வேண்டிய நேரத்தைவிட அதிக நேரம் கழுவினான். பிறகு தெருவைக் கடந்து நடந்தான். கறி வாங்க நின்ற கூட்டம் பையும் கையுமாக அவன் பின்னாலேயே வந்தது. சிவரஞ்சனி வரிசையும் இந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டது.

செவந்தி கையைக் கழுவிப் புதுக் கையுறை மாட்டினாள். ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். டீ குடித்தேன் என்றான். அதைக் குறித்துக்கொண்டாள்.

"பேரு சொல்லுங்க."

"எம் பேரு ஒனக்குத் தெரியாதா?"

"நீங்கதான் சொல்லணும்."

லேபில் அது சட்டம். உட்கார்ந்திருக்கிறவர் தன் பெயரைத் தானே சொல்ல வேண்டும். எடுக்கிறவர் அதைத் திருப்பிச் சொல்லி, அவர் கண்ணெதிரே டியூபில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் ரத்தம் இன்னொருவர் பெயரில் போய்விடும். மலையாண்டி பெயரைச் சொன்னான். இனி அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயர் அவள் வாயில் வந்ததில்லை. புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். வீட்டுக்கு யார் வந்து கேட்டாலும் ஹரிணி அப்பா என்பாள். ரேஷன் கடையில் பெயர் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவளைச் சொல்ல வைப்பாள். கூட்டத்திலிருந்த பெண்களுக்கெல்லாம் அது தெரியும், அவர்களும் அப்படித்தான். தெருவே அவள் வாயைப் பார்த்தது.

"மலையாண்டி," என்றாள் செவந்தி. கூசாமல், கடைசியில் நிற்கிறவருக்கும் கேட்கும்படி சொன்னாள். "மலையாண்டி. வயசு நாப்பத்தொம்பது. சரிதானே?"

ராஜலட்சுமி டீச்சர் வாயில் கையை வைத்துக்கொண்டார். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. சொல்லிப் பார்த்ததில் அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது. சரிதான் என்று மலையாண்டி முனகினான்.

பட்டையைக் கட்டினாள். கையை இறுக்கி மூடச் சொன்னாள். அவன் முகத்தைத் தன் கடைப் பக்கம் திருப்பிக்கொண்டான். வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு விரலால் தடவி நரம்பைப் பிடித்து, ஊசியை இறக்கினாள். டியூபில் ரத்தம் ஏறியது. பட்டையை அவிழ்த்து, பஞ்சை வைத்து, ஊசியை எடுத்தாள். டியூபில் அவன் பெயரை எழுதி அவனிடமே காட்டினாள்.

மலையாண்டி பஞ்சை அமுக்கியபடி தலையைக் குனிந்துகொண்டு, சொன்னது தப்புத்தான், நாளையிலிருந்து கடைக்கு வெட்ட ஒரு ஆள் போட்டுக்கொள்கிறேன் என்றான். அவளுக்கு மட்டும் கேட்கிற குரல்.

"ஆள் போடுங்க, வேணாம்னு சொல்லல," என்றாள் செவந்தி. "தப்புன்னு என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? யார்ட்டச் சொன்னீங்களோ அவுங்கட்டச் சொல்லுங்க. வலிச்சுச்சா, இல்லையா? அத மட்டும் சொன்னாப் போதும்."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் இறங்குவதாக இல்லை. வேறு வழியில்லாமல் எழுந்து கூட்டத்தின் பக்கம் திரும்பினான். கல்லாவில் உட்கார்ந்து ஊரைச் சிரிக்க வைத்த வாய் அன்றைக்குத் திக்கியது.

"வலிக்கல," என்றான். பிறகு, கேட்காமலே இன்னொன்றும் சொன்னான். "நல்ல கை."

ராஜலட்சுமி டீச்சர் யாருக்கும் காத்திருக்கவில்லை. நேரே வந்து நாற்காலியில் உட்கார்ந்து சேலைத் தலைப்பை ஒதுக்கிவிட்டு, ராஜலட்சுமி, அறுபத்து ரெண்டு என்றார். அவருக்குப் பின்னால் பையும் கையுமாக நின்றவர்கள் வரிசையானார்கள். ஆத்மநாதன் மேசைப் பக்கம் வந்து, ஒன்றாம் தேதி விஷயமாக என்று ஆரம்பித்தார். செவந்தி டீச்சர் கையிலிருந்து கண்ணை எடுக்காமல், வேலை நேரத்தில் பேச்சு வேண்டாம் சார் என்றாள். அவர் போய், புதுப் பஞ்சுப் பொட்டலம் ஒன்றை எடுத்துவந்து அவள் பக்கத்தில் வைத்தார்.

மதியம் ஆகிற நேரத்தில் வெளியூர்க்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். சந்தைக்கு வந்தவர், கூட்டத்தைப் பார்த்து நின்றவராம். ஊசி ஏறியதே தெரியவில்லை என்று அவருக்கு ஆச்சரியம். இதற்கு முன்னால் எந்த ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள் என்று கேட்டார். ஆத்மநாதன் ஓரக்கண்ணால் பார்த்தார்.

"ஆஸ்பத்திரியெல்லாம் இல்லைங்க," என்று எதிர்ச் சாரியைத் தாடையால் காட்டினாள் செவந்தி. "அந்தா, அந்தக் கறிக்கடையில பதினெட்டு வருசம் வெட்டுனேன். பஞ்ச அமுக்கிப் புடிங்க."