குடலுக்குள் அணைந்த வெளிச்சம்

1999இல் மலேசியாவின் சுபாங் ஜெயாவில் இருந்த ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் உமையாள் எலிகளுக்கு ஒளிரும் பாக்டீரியாவைக் கொடுத்து வந்தாள். தயிரில் இருப்பதைப் போல, குடலுக்கு நல்லது செய்யும் பாக்டீரியாதான். கடலில் மின்னும் ஒரு வகையின் மரபணுவை அதற்குள் சேர்த்திருந்தாள். எலியை அறுக்காமலேயே, அது குடலில் எங்கே தங்குகிறது என்று கேமராவில் பார்த்துவிடலாம் என்பது அவள் நம்பிக்கை.

மயக்கிய எலியை இருட்டுப் பெட்டிக்குள் வைத்தாள். திரையில் எலியின் சாம்பல் நிற உருவம் மட்டும் வந்தது. வயிற்றில் வெளிச்சமே இல்லை. அடுத்தடுத்த எலிகளிலும் அப்படித்தான்.

ஆய்வுக்கூடத் தலைவர் தம்புசாமி படங்களைப் பார்த்தார்.

"வயித்து ஆசிட்ல எல்லாம் செத்திருக்கும்மா. இந்த வாரத்தோட முடிச்சிடுங்க."

முடிப்பது என்றால் எலிகளையும் கொன்றுவிடுவது. உமையாள் தலையாட்டினாள். மனம் மட்டும் ஒப்பவில்லை.

கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று ஓர் எலியைப் பெட்டிக்குள் படுக்க வைத்தாள். இப்போதும் வயிறு இருட்டு. ஆனால் வாலுக்குப் பக்கத்தில், வெளிச்சத்தைக் கேமரா காட்டும் சிவப்பு நிறத்தில் இரண்டு புள்ளிகள் தெரிந்தன.

"கார்த்திகேசு, கேமரா ரோசாக்கா, கெட்டுப்போச்சா?"

கேமராவைப் பார்த்துக்கொள்ளும் கார்த்திகேசு பெட்டியைத் திறந்து குனிந்தான்.

"கேமரா ஓகே லா. எலி புழுக்கை போட்டிருக்கு, அதான் மின்னுது."

"உள்ள செத்தது வெளிய வந்து எப்படி உயிரோட இருக்கும்?"



புழுக்கையை உப்புநீரில் கரைத்து, கண்ணாடிக் குழாயில் ஊற்றி, வாயை மூடி, கேமராவின் கீழ் வைத்தாள். குழாய் பளிச்சென்று ஒளிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் மங்கி, அணைந்தே போனது. அதுவும் செத்துவிட்டதா? மூடியைத் திறந்து குழாயைக் குலுக்கி மறுபடி வைத்தாள். வெளிச்சம் திரும்பி வந்தது.

"காத்து!" என்று கத்தினாள். "ஆக்சிஜன் இருந்தாதான் அது மின்னும். குடலுக்குள்ள ஆக்சிஜன் ஏது?"

தம்புசாமியின் அறைக்கு ஓடினாள். அவர் முழுவதையும் கேட்டார்.

"சரி, உயிரோடதான் இருக்கு. எலிங்கள கொல்ல வேணாம். ஆனா வெளிய வந்தாதான் மின்னும்னா, உள்ள எங்க இருக்குன்னு எப்படிப் பாப்பீங்க?"

உமையாள் இருட்டாக வந்த அத்தனை படங்களையும் மேசையில் பரப்பினாள். நேற்றுவரை அவை 'பாக்டீரியா இல்லை' என்று சொல்லிக்கொண்டிருந்தன. இப்போது என்ன சொல்கின்றன என்று அவளுக்குப் புரியவில்லை.